பாறைக்குள் ஒன்பதரை நாள்

உடுப்பி அருகே பாதூரில் நிலத்துக்கு மேலே தெரிவது சில குழாய்களும் கட்டடங்களும்தான். அடியில், பாறையைக் குடைந்த குகைகளில் 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும். மங்களூருவில் 15 லட்சம் டன், விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன். மூன்றும் நிரம்பியிருந்தால் இந்தியாவின் தேவைக்கு ஏறத்தாழ ஒன்பதரை நாள் தாங்கும்.

இந்தக் குகைகளுக்கு உள்ளே இரும்புத் தகடு கிடையாது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குடைந்திருப்பதால், சுற்றிலும் பாறை வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரே எண்ணெயை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் வெளியே கசியாது. தண்ணீர்தான் உள்ளே சொட்டும். அதை இறைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு மெனக்கெட வைத்தது பழைய அனுபவம். 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, இந்தியா எண்ணெய் வாங்கிவந்த இரண்டு நாடுகள் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போயின. விலை சில மாதங்களில் இரட்டிப்பானது. ஏற்கெனவே மெலிந்திருந்த அந்நியச் செலாவணி கரைந்தது. 1991இல் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலை வந்தது.

இன்று தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். அதில் பெரும் பகுதி நெடுங்காலமாக ஹோர்முஸ் நீரிணை வழியே வந்தது. 2024இல் அந்தக் குறுகிய கடல்வழியில் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் போனது. உலகம் செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு.

ஆகவே கிடங்கோடு, வாங்கும் இடங்களையும் பரப்ப வேண்டியிருக்கிறது. 2022க்கு முன் 2 சதவீதத்தைத் தொடாத ரஷ்ய எண்ணெய், அடுத்த ஆண்டே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கந்தகம் மிகுந்த கனமான எண்ணெயையும் சுத்திகரிக்கும் ஜாம்நகர் போன்ற ஆலைகள் இருப்பதால்தான் இப்படிக் கடை மாற்ற முடிகிறது. ஆனால் ஒரே கடையில் மூன்றில் ஒரு பங்கு என்பதும் ஆபத்துதான். அங்கே தடை விழுந்தால் மறுபடி ஓட வேண்டும்.

கையில் காசும் வேண்டும். இலங்கையின் திருகோணமலையில் இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்த் தாங்கிகள் 99 உண்டு. பெரும்பாலானவை பல்லாண்டுகளாகப் பயன்படாமல் கிடந்தன. 2022இல் டாலர் தீர்ந்ததும் இலங்கை மக்கள் பெட்ரோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இந்தியாவோ 2020 ஏப்ரல், மே மாதங்களில் விலை சரிந்திருந்தபோது, பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கிக் குகைகளை நிரப்பியது.

எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பையும் சேர்த்தால் கொள்ளளவு சுமார் 74 நாள். 1974இல் தொடங்கிய சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளிடம் கேட்பது, நிகர இறக்குமதியில் 90 நாளுக்கான இருப்பு. இடைவெளியைக் குறைக்க ஒடிசாவின் சண்டிகோலில் 40 லட்சம் டன், பாதூரில் இன்னும் 25 லட்சம் டன் என 2021 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது.