பழைய கார்களின் ஆயுள் எங்கே தங்கியுள்ளது?

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாகியிருந்தது. வாகன உதிரிப்பாகங்களின் நிலையும் அவ்வாறே இருந்தது. ஆயினும் ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலான கார்கள் வீதிகளில் ஓடிக்கொண்டேயிருந்தன. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு என்ஜினை இயக்கிச் சூடாக்கிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அக்கால என்ஜின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தமையே இதனைச் சாத்தியமாக்கிற்று. 2002 ஆம் ஆண்டு ஏ 9 வீதி திறக்கப்பட்டபோது தெற்கிலிருந்து சென்றோர், அரை நூற்றாண்டுப் பழைமை வாய்ந்த கார்கள் அங்கு வாடகைக்கு ஓடுவதைக் கண்டு வியந்தனர்.

அக்கார்களின் நெருங்கிய உறவினர்கள் பிரித்தானியாவில் இன்று வேறொரு மதிப்புடன் வாழ்கின்றன. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் 1952 ஆம் ஆண்டு ஒன்றிணைந்த பின்னர், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த என்ஜின்களும் பாகங்களும் குடும்பக் காருக்கும் விளையாட்டுக் காருக்கும் பொதுவாகப் பயன்படுத்தப்பட்டன. 1955 இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் விளையாட்டுக் காரின் என்ஜினும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் என்ஜினும் ஒரே குடும்பத்தவை. 1958 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், தனது ஸ்ரியறிங் பொறிமுறையை மொறிஸ் மைனரிடமிருந்தே பெற்றுக்கொண்டது. எனவே, அத்தகைய விளையாட்டுக் கார்களை அங்குள்ளோர் எவ்வாறு பேணுகின்றனர், அவற்றின் பாகங்களை எங்கிருந்து பெறுகின்றனர் என்பன பழைய வாகனங்களோடு வாழும் நமக்கும் பயன்தரும் வினாக்களாகும்.

இதற்குச் சிறந்த உதாரணம் எம்.ஜி.பி. ஆகும். 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை, ஒக்ஸ்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி. கார்கள் தயாரிக்கப்பட்டன. தொழிற்சாலை மூடப்பட்டதுடன் அக்காரின் கதையும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1975 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் என்ற அமைப்பு, பழைய அச்சுக்களையும் கருவிகளையும் தேடிச் சேகரித்தது. அவற்றைக் கொண்டு 1988 ஆம் ஆண்டு முதல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூடே புதிதாகத் தயாரிக்கப்படலாயிற்று. துருப்பிடித்து அழியும் நிலையிலிருந்த காருக்குப் புதிய உடல் கிடைத்தது. அழிந்த பாகத்தை மீண்டும் செய்யலாம். அதனைச் செய்யும் அச்சு அழிந்துவிட்டால் அது எளிதன்று. ஒரு காரின் ஆயுள் காரில் மட்டும் தங்கியிருப்பதில்லை என்பதற்கு இதுவே சான்றாகும்.

பழைய காரை வாங்குவோரில் பலர் முதலில் மாற்ற விரும்புவது சஸ்பென்சன் எனப்படும் தொங்கல் அமைப்பையாகும். வளைவுகளில் கார் அதிகம் சரிகின்றது, குழிகளில் குதிக்கின்றது என்பன வழமையான முறைப்பாடுகள். எம்.ஜி.பி.யின் முன்புறத்தில் சுருள்வில்லும் பின்புறத்தில் விற்தகடுகளும் உள்ளன. வில்லின் பணி பாரத்தைத் தாங்கி அதிர்ச்சியை ஏற்பதாகும். ஏற்ற அதிர்ச்சியால் வில் தொடர்ந்து ஆடாதவாறு அடக்குவது சொக் அப்சோபரின் பணியாகும். எம்.ஜி.பி.யிலும் மொறிஸ் மைனரிலும் உள்ளவை, எண்ணெய் நிரப்பிய பெட்டியிலிருந்து கை போன்று நீளும் பழைய வகைச் சொக் அப்சோபர்களாகும். முன்புறத்தில் அந்தக் கையே சில்லைத் தாங்கும் மேல் இணைப்பாகவும் தொழிற்படுகின்றது. ஆகவே அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை வெறுமனே பொருத்திவிட முடியாது.

ஒரு வடிவமைப்பை ஏன் என்று அறியாமல் மாற்றினால் விளைவது என்ன என்பதைத் தயாரிப்பாளரே ஒருமுறை காட்டினர். ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்கு அமைவாக, 1974 இன் பிற்பகுதியில் எம்.ஜி.பி.க்குக் கனத்த இறப்பர் பம்பர்கள் பொருத்தப்பட்டன. பம்பரின் உயரம் விதியுடன் பொருந்த வேண்டுமென்பதற்காகக் கார் முழுவதும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்தப்பட்டது. அதே காலத்தில் முன்புறச் சரிவுத் தடுப்புத் தண்டும் நீக்கப்பட்டது. நன்றாக ஓடிய கார் வளைவுகளில் தடுமாறத் தொடங்கியது. 1976 ஆம் ஆண்டு முன்னும் பின்னும் தடுப்புத் தண்டுகளைப் பொருத்தியே இக்குறை ஓரளவு சீர்செய்யப்பட்டது. இன்று அக்காலக் கார்களை வைத்திருப்போர் பலர் செய்வது புதுமையன்று. குட்டையான சுருள்வில்லைப் பொருத்திக் காரைப் பழைய உயரத்துக்கே இறக்குகின்றனர்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றுண்டு. முதலில், வில்லும் சொக் அப்சோபரும் பொருத்தப்படும் இடங்களில் துரு உள்ளதா என்று பார்ப்பர். இற்றுப்போன தகட்டில் எத்தனை உயர்ந்த பாகத்தைப் பூட்டினாலும் பயனில்லை. இரண்டாவதாக, இறப்பர் புஷ்களை மாற்றுவர். மூன்றாவதாக, இருபுறத்து விற்களின் உயரமும் சமமாக உள்ளதா என அளப்பர். நான்காவதாக, சொக் அப்சோபரின் எண்ணெயையும் கசிவையும் சோதிப்பர். ஐந்தாவதாக ரயர். இவ்வளவும் சரிசெய்யப்பட்ட பின்னர், புதிதாக எதையும் மேம்படுத்த வேண்டிய தேவை இல்லை என்பதைப் பல சொந்தக்காரர்கள் கண்டுகொள்கின்றனர். அவர்கள் குறையாகக் கருதியது வடிவமைப்பின் குறையன்று. நாற்பது, ஐம்பது ஆண்டுத் தேய்மானம்.

அதற்கு மேலும் மாற்ற விரும்புவோருக்கு வழிகள் உண்டு. தடித்த சரிவுத் தடுப்புத் தண்டு, கடினமான பொலியூரித்தேன் புஷ், குழாய் வடிவச் சொக் அப்சோபர் என்பன அவற்றுட் சில. 1992 ஆம் ஆண்டு றோவர் நிறுவனம் எம்.ஜி.பி.யின் உடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டு ஆர்.வி.8 என்ற காரை வெளியிட்டபோது, குழாய் வடிவச் சொக் அப்சோபர்களை ஏற்றுக்கொண்டது. பின்புற விற்தகடுகளையோ கைவிடவில்லை. எதனை மாற்றுவது என்பதைப் போன்றே எதனை விட்டுவைப்பது என்பதும் பொறியியல் தீர்மானமே என்பதை இது உணர்த்துகின்றது. கடினம் என்பது எப்போதும் நன்மையன்று. வில் ஏற்காத அதிர்ச்சியை உடற்கூடு ஏற்க நேரிடும். பொருத்தும் இடங்களில் வெடிப்புத் தோன்றும். அதிக பாரம் ஏற்றுவதற்காகப் பின்புறத்தில் மேலதிக விற்தகடு சேர்ப்பதும் இத்தகையதே. வெறுமையாக ஓடும்போது பின்சில்லுகள் வீதியை விட்டுத் துள்ளும். ஈரமான வீதியில் பிறேக் பிடிக்கையில் அது ஆபத்தாக முடியலாம்.

மேம்படுத்தலைவிடப் பராமரிப்பே உயிர்காக்கும் என்பதற்கு மொறிஸ் மைனர் நல்ல சான்று. சேர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இக்காரில், முன்சில்லைத் தாங்கும் தண்டு புரியுள்ள ஒரு மூட்டினுள் திரும்புகின்றது. ஒழுங்காகக் கிறீஸ் இடப்படாவிட்டால் அப்புரி தேய்ந்து, ஒருநாள் தண்டு மூட்டிலிருந்து கழன்று சில்லு மடிந்துவிடும். சில நிமிட வேலையைத் தவிர்த்தமைக்கு ஓர் உயிரே விலையாகலாம்.

உதிரிப்பாகம் தேடுவோர் அறிந்திருக்க வேண்டிய சில உண்மைகளும் உண்டு. முதலாவது புரி. 1950களுக்கு முற்பட்ட பிரித்தானிய வாகனங்களில் விற்வேர்த் வகைப் புரிகளும், பிற்பட்டவற்றில் யுனிபைட் வகைப் புரிகளும் பெரும்பாலும் உள்ளன. ஜப்பானிய வாகனங்களின் ஆணிகளோ மில்லிமீற்றர் அளவிலானவை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் ஆணியை வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும். இரண்டாவது இறப்பர். பெட்டி பிரிக்கப்படாத பழைய இருப்பு என்பதற்காக இறப்பர் பாகத்தை நம்பி வாங்கலாகாது; பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இறப்பர் முதுமையடையும். புதிதாகச் செய்யப்பட்டவற்றிலும் தரம் ஒன்றாக இருப்பதில்லை. மூன்றாவது, காரின் ஆண்டையும் மாதிரியையும் மட்டும் நம்பாது, கழற்றிய பாகத்தையே கையில் எடுத்துச் செல்வதாகும். பல கைகள் மாறிய காரில் எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்பதை அதன் பதிவுப் புத்தகம் சொல்லாது.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குச் சென்றவர்கள் இதனை நன்கறிவர். அங்குள்ள வியாபாரிகளின் நினைவில் உள்ள அளவுகளும் பொருத்தங்களும் எந்த விலைப்பட்டியலிலும் இல்லாதவை. வடக்கிலும் கிழக்கிலும், பாகம் கிடைக்காத காலத்தில் லேத் இயந்திரத்தில் புஷ் கடைந்தவர்களும் உடைந்த விற்தகட்டுக்கு லொறியின் தகட்டை வெட்டிப் பொருத்தியவர்களும் சேர்த்துவைத்த அறிவும் அத்தகையதே. நம்மவர்களின் கைத்திறன் குறைவானதன்று. 1990களில் மொறிஸ் மைனரின் உடற்தகடுகள் இலங்கையிலேயே தயாரிக்கப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. அக்கார் பிறந்த நாட்டுக்கே நாம் பாகம் விற்றோம்.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாட்டை நாம் கவனிக்கத் தவறலாகாது. அவர்கள் அச்சுக்களையும் வரைபடங்களையும் காத்தனர். ஜப்பானிலும் மஸ்டா, நிசான், ரொயோற்றா ஆகிய நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளில் தமது பழைய விளையாட்டுக் கார்களுக்கான பாகங்களை மீண்டும் தயாரிக்க முன்வந்துள்ளன. நமது அறிவோ தனிமனிதரின் கைகளில் மட்டும் உள்ளது. அக்கைகள் முதுமையடைந்து வருகின்றன. அவர்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழில்களையும் வேறு நாடுகளையும் நாடிச் சென்றுவிட்டனர்.

2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டு தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்படும் வரை, இருந்த வாகனத்தைக் காப்பதே நாட்டின் பெரும்பாலானோருக்கு எஞ்சிய வழியாக இருந்தது. அத்தகைய காலம் இனி வராது என்று எவராலும் உறுதி கூற முடியாது. நமது தொழில்நுட்பக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தத்தம் பிரதேசத்து மூத்த மெக்கானிக்குகளை அழைத்து, அவர்கள் அறிந்த அளவுகளையும் முறைகளையும் மாணவர்களைக் கொண்டு எழுதிவைக்குமாயின், அதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. ஒரு கொப்பியும் சில மாலை வேளைகளும் போதும். மண்ணெண்ணெயில் காரை ஓட்டிக்காட்டிய தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும்.