கொசுவும் கொக்கும் மாடும்

ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சைப் பக்கம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் சம்பாப் பயிர். பயிருக்கிடையே பளபளக்கும் தண்ணீர். வரப்போரம் அசையாமல் தவம் செய்யும் மடையான். மேயும் மாட்டின் காலடியிலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு. அந்தி சாய்ந்ததும் இன்னொரு கோஷ்டி கிளம்பும். காதோரம் வந்து கச்சேரி செய்கிற கோஷ்டி!

வயல் தண்ணீரில் பிறக்கும் இந்தக் கொசுக்கள் கியூலெக்ஸ் ஜாதியைச் சேர்ந்தவை. இவற்றில் ஒரு பிரிவுக்கு விஞ்ஞானிகள் சூட்டியுள்ள பெயர் 'விஷ்ணுயி'. பெயர்தான் பெருமாளை நினைவூட்டுகிறதே தவிர, செய்கிற காரியம் காக்கும் தொழில் அல்ல. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்ற கொடிய நோயின் வைரஸைச் சுமந்து செல்பவை இவைதாம். நம் நாட்டில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதும் நம் வேலூரில்தான், ஆண்டு 1955.

அப்படியானால் நெல்லும் நீரும் நிறைந்த தஞ்சைத் தரணியில் இந்நோய் தலைவிரித்தாட வேண்டும் அல்லவா? மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தஞ்சை மாவட்டத்துக் கிராமக் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து, வைரஸ் வந்து போன தடயம் உண்டா என்று ஆராய்ந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு ஆச்சரியமானது. இவ்வளவு வயல் இருந்தும் வைரஸ் தொற்றிய குழந்தைகள் குறைவு! காரணம் என்னவாக இருக்கலாம்? அவர்கள் சுட்டிக் காட்டியது மாட்டுத் தொழுவத்தை.

மாட்டுக்கும் மூளைக் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில் பன்றியின் கதையைக் கேளுங்கள். வைரஸ் ஏந்திய கொசு ஒரு பன்றியைக் கடிக்கிறது. ஓரிரு நாளில் வைரஸ் பன்றியின் உடம்பில் பெருகி, ரத்தத்தில் வெள்ளமாக ஓடுகிறது. அப்போது அதைக் கடிக்கிற புதுக் கொசுக்களுக்கெல்லாம் வைரஸ் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பன்றியின் உடம்பு சும்மா இருக்குமா?

உடம்பின் முதல் காவலன் 'இன்டர்ஃபெரான்'. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பொருள் இது. வைரஸ் புகுந்த உயிரணு, "திருடன் வந்துவிட்டான், கதவைத் தாழிடுங்கள்!" என்று பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுப்பது போல இதை வெளியிடுகிறது. அக்கம்பக்கத்து உயிரணுக்கள் உஷாராகின்றன. வைரஸின் வேகம் மட்டுப்படுகிறது.

சில நாட்களில் இரண்டாவது படை வருகிறது. அதுதான் எதிர்ப்புப் பொருள். அந்த வைரஸுக்கென்றே அளவெடுத்துச் செய்த விலங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். ரத்தத்தில் திரியும் வைரஸ்களின் மேல் இது ஒட்டிக்கொண்டால், அவற்றால் வேறு உயிரணுவுக்குள் நுழைய முடியாது. விலங்கு பூட்டிய கைதிகளை ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கும் அணுக்கள் பிடித்துத் தின்று தீர்க்கின்றன. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் சுத்தமாகிவிடுகிறது! அதன் பிறகு அந்தப் பன்றியைக் கடிக்கிற கொசுவுக்கு வைரஸ் கிடைக்காது. மடையான், கொக்கு வகைகளின் ரத்தத்திலும் இப்படித்தான் வைரஸ் சில நாள் குடியிருந்துவிட்டு மறைகிறது.

பின் எப்படித்தான் நோய் பிழைத்திருக்கிறது? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கொசுவின் உடம்பு வைரஸை விரட்டுவதே இல்லை. ஒரு முறை தொற்றிக்கொண்டால் ஆயுள் முழுதும் அது வைரஸ் சுமக்கும். இரண்டு, பன்றி ஈற்றுக்கு ஈற்று நிறையக் குட்டி போடும். தாயிடம் பெற்ற பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்ததும், அத்தனை குட்டிகளும் வைரஸுக்குப் புது வீடுகள்!

இனி மாட்டுக்கு வருவோம். வயல் கொசுக்களுக்கு மாட்டு ரத்தம் என்றால் கொள்ளைப் பிரியம். ஆனால் மாட்டின் உடம்பில் வைரஸ் அதிகம் பெருகுவதில்லை. எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் ஏறுவதில்லை. கொசுவுக்கு விருந்து உண்டு. வைரஸுக்கோ அதுதான் முட்டுச் சந்து. பன்றியைவிட மாடு மிக அதிகமாக உள்ள தஞ்சைக் கிராமங்களில் கொசுக்கடியில் பெரும்பங்கை மாடுகளே வாங்கிக்கொண்டன என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

உடனே, "வாசலில் நாலு மாடு கட்டினால் போதும்" என்று இருந்துவிடாதீர்கள்! வயிறார ரத்தம் குடித்த கொசு நிறைய முட்டையும் இடும். மேலும், இன்று உழவுக்கு டிராக்டர் வந்து, பல வீடுகளில் தொழுவம் காலியாகிவிட்டது. அன்றைய கணக்கு என்றைக்கும் செல்லும் என்று யார் சொல்ல முடியும்?

மனித ரத்தத்திலும் வைரஸ் கொஞ்சமாகவே ஓடும். நம்மிடமிருந்து கொசுவுக்குப் போகாது. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோயே தெரியாமல் உடம்பு ஜெயித்துவிடும். சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் அது மூளையை எட்டிக் கடும் நோயாகிறது. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தை. கடும் நோய் கண்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறப்பதுண்டு. பிழைத்தவர்களிலும் பலருக்கு ஆயுள் முழுதும் ஊனம். வைரஸைக் கொல்லும் தனி மருந்து இன்றுவரை இல்லை.

தடுப்பூசி உண்டு. 2006 முதல் நம் நாட்டில் நோயுள்ள மாவட்டங்களில் போடுகிறார்கள். 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை. 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. பன்றியின் ரத்தம் நோய்பட்டுக் கற்ற பாடத்தை, நோய்படாமலே குழந்தையின் ரத்தத்துக்குக் கற்றுத்தரும் வித்தை அது.

ஆகையால் தாய்மார்களே, உங்கள் மாவட்டத்தில் இந்த ஊசி உண்டா என்று சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அந்தியில் குழந்தையைக் கொசுவலைக்குள் விடுங்கள். காய்ச்சலோடு வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொசுக்கடியை வாங்கிக்கொள்ள எல்லா வாசலிலும் மாடு நிற்பதில்லை!