கடனுக்கு ஈடாகும் வீட்டின் மதிப்பீடு: குடியானவர் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகள்

கிணற்றை ஆழப்படுத்தவும், தொழுவம் கட்டவும், வீட்டைப் புதுப்பிக்கவும் பாங்கிக் கடனை நாடும் குடியானவர் பலர், விண்ணப்பம் கொடுத்தவுடன் காரியம் முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். உண்மையில் காலம் வீணாவது அதற்குப் பின்னரேயாகும். ஈடாகக் காட்டிய வீட்டையும் மனையையும் மதிப்பீட்டாளர் நேரில் பார்த்து அறிக்கை அனுப்பினாலன்றிப் பணம் கைக்கு வராது. சித்திரை, வைகாசியில் நீர் வற்றியிருக்கும்போது வெட்ட வேண்டிய கிணற்றை ஐப்பசி மழையில் வெட்ட இயலாது. அறிக்கை தாமதித்தால் ஒரு வருஷப் பலன் போய்விடும். அல்லது அதிக வட்டிக்குக் கைக்கடன் வாங்க நேரிடும். இத்தாமதத்தின் பெரும்பகுதியைக் குடியானவரே தவிர்த்துக்கொள்ளலாம்.

மதிப்பிடும் முறை

மனைக்கு, அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயங்களையும் சர்க்கார் வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு விலை காண்பர். கட்டடத்திற்கு, அதே வீட்டை இன்று கட்டினால் ஆகும் செலவைக் கணக்கிட்டு, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பர். ஆகவே வீட்டின் வயதை ருஜுப்பிக்கும் ஆதாரம் மிகவும் முக்கியமானது.

உதாரணமாக, ஒரு காங்கிரீட் வீட்டை இன்று கட்ட 10 லட்சம் ரூபாய் ஆகுமென்றும், அதன் ஆயுள் 60 வருஷமென்றும், ஆயுள் முடிவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மிஞ்சுமென்றும் கொள்வோம். வயது 15 வருஷமானால் தேய்மானம் நூற்றுக்கு 22½. அதாவது 2,25,000 ரூபாய். வயதுக்கு ஆதாரமின்றி 30 வருஷமென்று கொள்ளப்பட்டால் தேய்மானம் 4,50,000 ரூபாயாகிவிடும். முதன்முதல் வீட்டு வரி விதிக்கப்பட்ட ரசீது ஒன்றைப் பத்திரமாக வைத்திராததால் 2,25,000 ரூபாய் மதிப்புக் குறையக்கூடும்.

சித்தமாக வைக்க வேண்டிய தஸ்தாவேஜுகள்

1. கிரயப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், அதற்கு முந்திய மூலப் பத்திரங்கள். அசல் காணாமற் போயிருந்தால் அதைப் பாங்கியாருக்கு முன்னரே தெரிவித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெறுதல் வேண்டும்.
2. வில்லங்கச் சான்று.
3. பட்டா, நத்தம் மனையாயின் நத்தம் பட்டா, புல வரைபட நகல்.
4. அனுமதி பெற்ற கட்டட வரைபடம், வீட்டு வரி ரசீது, மின்சாரக் கட்டண ரசீது.
5. பின்னர் செய்த வேலைகளின் ஜாபிதா. எந்த வருஷம், என்ன வேலை, என்ன செலவு என்று ஒரே தாளில் எழுதிச் செலவுச் சீட்டுகளை இணைக்க வேண்டும்.

பட்டாதாரர் இறந்திருந்தால், வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றிக்கொண்ட பின்னரே விண்ணப்பிப்பது நலம். பாட்டனார் பெயரிலுள்ள பட்டாவைப் பேரன் ஈடு காட்டினால் காகிதம் திரும்பி வருவது நிச்சயம்.

அளவுகள் ஒத்திருத்தல்

பழைய பத்திரங்களில் விஸ்தீரணம் ஏக்கர், சென்ட் கணக்கிலும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கிலும் இருக்கும். 1 ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்றும், பட்டாவில் 0.46.5 ஹெக்டேர் என்றும் இருந்தால், பட்டாப்படி உள்ளது சுமார் 1 ஏக்கர் 15 சென்டே. இந்த 5 சென்ட் வித்தியாசத்தை மதிப்பீட்டாளர் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், கட்டணம் செலுத்தி சர்வேயரைக் கொண்டு முன்னரே அளந்துகொள்ள வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரிலோ உட்பிரிவிலோ நேர்ந்த பிழைகள் சில பட்டாக்களில் இன்றும் தொடர்கின்றன. அவற்றையும் இச்சமயத்தில் சரிபார்த்தல் தகும்.

தோட்டத்து வீடு சாகுபடி நிலத்துடன் ஒரே சர்வே நம்பரில் இருக்குமாயின், வீட்டுமனைக்குத் தனி உட்பிரிவு உண்டா என்று பாங்கியாரைக் கலந்துகொள்ள வேண்டும். 2002-ம் வருஷத்திய கடன் ஈட்டு அமலாக்கச் சட்டம் விவசாய நிலத்திற்குச் செல்லாதாகையால், இதைப் பாங்கியார் கவனமாக ஆராய்வர்.

பார்வையிடும் நாளில்

எல்லைக் கற்களைச் சுற்றியுள்ள முள்ளையும் புதரையும் முதல் நாளே அகற்றிவிட வேண்டும். கிழமேலடி, தென்வடலடி அளக்க வழியிருக்க வேண்டும். நெல் மூட்டை அடுக்கிய அறை உட்பட எல்லா அறைகளையும் திறந்து காட்டவேண்டும். பூட்டிய அறை ஒன்றிருந்தால் இரண்டாம் முறை வர நேரிடும். மாட்டையும் நாயையும் கட்டிவைக்க வேண்டும். விவரம் அறிந்த ஒருவர் மட்டும் உடனிருந்து கேட்டதற்கு விடை கூறினால் போதும்.

ஒழுகும் ஓட்டையும், பெயர்ந்த பூச்சையும் முன்னரே சீர்படுத்துதல் நன்று. ஆனால் சுவர் வெடிப்பைச் சுண்ணாம்பு பூசி மறைப்பதால் லாபமில்லை. பழகிய கண்ணுக்கு அது தப்பாது. மறைத்தது வெளிப்பட்டால் மற்றச் சொற்களும் நம்பிக்கை இழக்கும். மதிப்பை உயர்த்தும்படி வற்புறுத்துவதும், வெகுமதி கொடுப்பதும் குற்றமாகும். மேலும், மிகையான மதிப்பின்மேல் பெற்ற மிகையான கடனைத் திருப்ப வேண்டியவர் குடியானவரேயன்றி மதிப்பீட்டாளர் அல்லர்.

கிராம அதிகாரிகளின் உதவி

கிராம நிர்வாக அலுவலர்கள் அ-பதிவேடு, அடங்கல் ஆகியவற்றைச் சரியாக வைத்திருப்பதோடு, எல்லைக் கற்கள் காணாமற் போயிருந்தால் 1923-ம் வருஷத்திய சர்வே, எல்லைச் சட்டப்படி அவற்றைப் புதுப்பிக்க மேலதிகாரிகளுக்கு எழுதுதல் வேண்டும். கல் நின்ற இடத்தில் அளவு ஒரு மணியில் முடியும். கல் இல்லாத இடத்தில் அண்டை நிலக்காரருடன் வழக்கு மூளும்.

மார்கழி, தை மாதங்களிலேயே இக்காகிதங்களைத் திரட்டத் தொடங்கும் குடியானவருக்கு மாசியில் விண்ணப்பம் கொடுத்துச் சித்திரையில் மண்வெட்டியைக் கையிலெடுக்க வசதிப்படும்.