நம்ம லாரி, அவங்க பூட்டு!

ராசாம்பாளையம் டோல்கேட்டில் ஒரு லாரி வேகத்தை மட்டும் குறைத்து, நிற்காமலே கடந்து போகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஒரு வங்கியில் வாங்கியது. மேலே தொங்கும் ரீடரைச் செய்தது வேறொரு கம்பெனி. சாவடிக்காரருக்குப் பணம் வந்து சேர்வது இன்னொரு வங்கியில். இந்த டேக் எந்த வங்கியுடையது என்று நடுவிலிருந்து சொல்வது, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.யின் கணினி. ஒருவர் மெஷினை இன்னொருவர் செய்யவில்லை, ஒருவர் சாஃப்ட்வேரை இன்னொருவர் எழுதவில்லை. ஆனாலும் ஓமலூரில் செல்லும் டேக் வைகுந்தத்திலும் செல்கிறது. சேலத்திலிருந்து டெல்லிக்குப் போகும் வழியெல்லாம் செல்கிறது.

இது தானாக நடந்ததில்லை. டோல் வசூலுக்கு எந்தத் தொழில்நுட்பம் என்று முடிவு செய்ய அமைக்கப்பட்ட நந்தன் நிலேகணி தலைமையிலான குழு, 2010-ல் ஒரே விடையைச் சொன்னது: பேட்டரி இல்லாத ரேடியோ டேக், ஐ.எஸ்.ஓ. 18000-6சி என்ற பொதுத் தரம், நாடு முழுக்க அது ஒன்றுதான். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே டேக் தனக்கான மின்சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். அந்த எண் எப்படி இருக்க வேண்டும், அதை எந்த வடிவத்தில் வங்கிக்கு அனுப்ப வேண்டும், தகராறு வந்தால் யார் யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் எழுதிவைத்த விதி. பணம் கழியும்வரை கம்பம் காத்திருப்பதும் இல்லை. செல்லாத டேக்குகளின் பட்டியல் முன்கூட்டியே சாவடிக்கு வந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் இல்லையென்றால் வழி விட்டு, கணக்கைப் பின்னால் முடித்துக்கொள்கிறார்கள். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து இது கட்டாயமானது. ஒவ்வொரு சாலைக் குத்தகைக்காரரும் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு டேக் போட்டிருந்தால், நம் லாரிகளின் முன்கண்ணாடியில் ரோடு தெரிய இடம் இருந்திருக்காது.

வெவ்வேறு கம்பெனிகளின் மெஷின்களை ஒரே விதியில் பேச வைக்கும் இந்த வேலைக்கு ஐம்பது வயது. 1970-களில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நெட்வொர்க் விதி வைத்திருந்தன. இந்தக் கம்பெனி மெஷின் வாங்கினால் பிரிண்டர், டெர்மினல், அடுத்த மெஷின் எல்லாம் அதே கம்பெனியில்தான் வாங்க வேண்டும். 1974-ல் விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் எழுதிய கட்டுரை அந்தப் பூட்டை உடைத்தது. அதிலிருந்து வளர்ந்த டி.சி.பி./ஐ.பி. விதிக்கு, அமெரிக்காவின் அர்ப்பாநெட் நெட்வொர்க் 1983 ஜனவரி 1 அன்று மொத்தமாக மாறியது. மெஷின் யாருடையதாக இருந்தாலும் சரி, தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி, முகவரி எழுதி அனுப்பினால் போய்ச் சேரும்.

நம் நாட்டில் அந்த வேலையைத் தொடங்கியது எர்நெட். 1986-ல் மத்திய மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கிய இந்தக் கல்வி நெட்வொர்க்கில், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டெல்லியில் மின்னணுத் துறை என எட்டு இடங்கள் முதலில் இருந்தன. அங்கே ஒரு போட்டியும் நடந்தது. டி.சி.பி./ஐ.பி. ஒரு பக்கம், சர்வதேசத் தர நிறுவனம் வகுத்த ஓ.எஸ்.ஐ. இன்னொரு பக்கம். எர்நெட்டின் முதுகெலும்புத் தடத்தில் இரண்டும் சேர்ந்தே ஓடின. 1995 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டி.சி.பி./ஐ.பி.க்கு வந்துவிட்டது.

ஓ.எஸ்.ஐ. காகிதத்தில் ஒழுங்கானது, அரசுகளின் ஆதரவும் அதற்குத்தான் இருந்தது. ஆனால் அதன் விதிப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டி.சி.பி./ஐ.பி.யின் விதிகளை யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். யாரிடமும் கேட்காமல் அதை வைத்து மெஷின் செய்யலாம், விற்கலாம். எது ஜெயிக்கும் என்பதை இந்த ஒரு வித்தியாசமே பெரும்பாலும் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. 1988-ல் கலிஃபோர்னியாவில் நடந்த இண்டெராப் கண்காட்சியில் ஒரு நல்ல வழக்கமும் உருவானது. ஸ்டால் போடும் கம்பெனிகள் தங்கள் பெட்டியைப் பொது நெட்வொர்க்கில் இணைத்து, போட்டிக் கம்பெனியின் பெட்டியோடு பேச வைத்துக் காட்ட வேண்டும். பேசாவிட்டால் எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும்.

இப்போது லாரிக்குள்ளே வருவோம். எனக்கு உறுத்தல் இருப்பது அங்கேதான்.

இன்றைய லாரியில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, புகையைச் சுத்திகரிக்கும் பகுதிக்கு ஒன்று. முறுக்கிய இரண்டு ஒயரில் இவை பேசிக்கொள்கின்றன. கேன் என்கிற அந்த விதி 1986-ல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதன்மேல் கனரக வாகனங்களுக்கென்று ஜே1939 என்ற விதி. இதுவும் பொதுத் தரம்தான். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற தகவல் 61444 என்ற எண்ணிட்ட செய்தியில் வரும். அந்த விதியைப் பின்பற்றும் லாரி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதே எண்தான். இன்ஜின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் ஒரு கம்பெனி, பிரேக் ஒரு கம்பெனி என்று வாங்கி ஒரே வண்டியாக ஓட வைக்க முடிவது இதனால்தான்.

கீழே பாதை பொது. மேலே கதவுக்குப் பூட்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதிப்படியான வண்டிகள் வந்தபின் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் இந்தப் பூட்டின் கனம் நன்றாகத் தெரிகிறது. புகைக்குழாயில் ஒரு சென்சார் கெட்டால் டேஷ்போர்டில் லைட் எரியும். கவனிக்காமல் ஓட்டினால் கம்ப்யூட்டர் இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். லோடு ஏற்றிய வண்டி தொப்பூர்க் கணவாயில் மூச்சு வாங்கும். சட்டப்படி வெளியே காட்ட வேண்டிய புகை சம்பந்தமான கோளாறு எண்களைக் கடையில் கிடைக்கும் பொது ஸ்கேனர் படித்துவிடும். ஆனால் சென்சாரை மாற்றியபின் பழைய கோளாறை அழிக்க, புது இன்ஜெக்டரின் குறியீட்டைப் பதிய, கரி அடைத்த ஃபில்டரை வண்டி நின்ற இடத்திலேயே எரித்துச் சுத்தம் செய்ய, பல வண்டிகளில் கம்பெனியின் சாஃப்ட்வேர் உள்ள லேப்டாப்தான் வேண்டும். அது கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும். இல்லையென்றால் கம்பெனிக்கு ஒன்றாக ஸ்கேனரும் வருட லைசென்சும் வாங்கி வைத்திருக்கும் சில பெரிய பட்டறைகளில் இருக்கும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக், அழிக்கத் தெரிந்தும் அழிக்க அனுமதியில்லாமல் நிற்கிறார்.

ஒற்றை லாரி வைத்து டியூ கட்டும் ஓனருக்கு வண்டி ஒரு நாள் நின்றாலே அடி. டிரைவர் பேட்டா ஓடும், வட்டி ஓடும், வண்டி மட்டும் ஓடாது. பட்டறையில் அரை மணியில் முடிய வேண்டிய வேலை, சர்வீஸ் சென்டரின் வரிசையில் நிற்கிறது. பாடி கட்டவும் இன்ஜின் இறக்கவும் பெயர் வாங்கிய மண் இது. அந்தத் தொழிலறிவு ஒரு பாஸ்வேர்டுக்கு முன்னால் கைகட்டி நிற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். பூட்டைத் திறந்துவிட்டால், புகையைச் சுத்திகரிக்கும் யூரியா கரைசல் ஊற்றாமலே வண்டி ஓடும்படி சாஃப்ட்வேரை மாற்றிவிடுவார்கள், புகைக் கட்டுப்பாடு கெடும், வெளியாள் உள்ளே புகுந்தால் பிரேக்குக்கே ஆபத்து என்கிறார்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காகக் கோளாறைப் படிக்கவும் சரிசெய்ததைப் பதியவும் நினைக்கும் நேர்மையான மெக்கானிக்கையும் சேர்த்து வெளியே நிறுத்த வேண்டியதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிவு வைத்துக்கொண்டு அனுமதி கொடுக்க இன்றைய தொழில்நுட்பம் தாராளமாகப் போதும்.

ஐரோப்பா இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்குள்ள ஆறு பெரிய லாரிக் கம்பெனிகள் 2002-ல் உட்கார்ந்து பேசி, வேகம், டீசல், ஓடிய கிலோமீட்டர் போன்ற தகவல்களை எந்தக் கம்பெனியின் கருவியும் படிக்கும்படி ஒரே வடிவத்தில் வெளியே தர ஒப்புக்கொண்டன. 2009-ல் கனரக வாகனங்களுக்கான யூரோ 6 புகைச் சட்டம் வந்தபோது, பழுதுபார்க்கும் தகவலைக் கம்பெனி சாராத பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. அந்த வருடக் கடைசியில் அதற்கென்று ஓர் இணையதளமும் வந்தது. இணையதளம் சர்வீஸ் சென்டர் எங்கே என்று வழிகாட்டலாம். பூட்டைத் திறக்கச் சட்டம் வேண்டும்.

ஜி.பி.எஸ். கருவியிலும் இதே கதைதான். பயணிகள் வாகனங்களுக்கென்று வந்த ஏ.ஐ.எஸ். 140 விதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. கருவி எந்தக் கம்பெனியுடையதானாலும் செய்தியின் வடிவம் ஒன்றே. ஓனரின் சொந்த உபயோகத்துக்கான முகவரி போக, அரசுக்கு ஒன்று, அவசர உதவிக்கு ஒன்று என இன்னும் இரண்டு முகவரிகளுக்காவது தகவல் அனுப்பும் திறன் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் சரக்கு லாரிகளில் ஓனர்கள் தாமாக மாட்டும் கருவிகளில் பலவும் விற்ற கம்பெனியின் சர்வருக்கு மட்டுமே பேசுகின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற அமைப்பை மாற்றப் பாஸ்வேர்டு வேண்டும். அது ஓனரிடம் இல்லை. வருடச் சந்தா கட்டாவிட்டால் ஆப் நின்றுவிடும். கம்பெனியை மாற்றினால் பழைய ஓட்டக் கணக்கு கையைவிட்டுப் போகும். சமையல் எரிவாயு டேங்கர்கள் நிறைந்த ஊர் நாமக்கல். ஏற்றிய வண்டி எங்கே நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது என்ற கணக்கு வாடகைத் தகராறில் ஓனருக்குச் சாட்சி. அந்தச் சாட்சியை அடுத்தவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நாம் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கோழிப் பண்ணைக்காரர்களும் இதைக் கவனிப்பது நல்லது. காற்று, வெப்பம், தீவனம், தண்ணீர் என்று எல்லாவற்றையும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும் ஏசி ஷெட்டுகள் நாமக்கல்லில் பெருகி வருகின்றன. தொழிற்சாலைக் கருவிகள் பேச 1979-லேயே மோட்பஸ் என்ற திறந்த விதி வந்துவிட்டது. இன்றும் சாதாரண ஒயரில் ஓடும், படிப்பதற்கும் எளிது. வாங்கப்போகும் கன்ட்ரோலர் அதைப் பேசுமா, பேசினால் எந்த எண்ணில் எந்த அளவு இருக்கிறது என்ற பட்டியலைத் தருவார்களா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கோடைகாலத்தில் ஃபேன் நின்ற ஷெட்டில் கம்பெனி ஆளுக்குக் காத்திருக்க நேரம் கிடைக்காது.

லாரி ஓனர் சங்கங்கள் டீசல் விலைக்கும் டோல் கட்டணத்துக்கும் வேலைநிறுத்தம் வரை போயிருக்கின்றன. பழுதுபார்க்கும் தகவலைச் சட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கையை அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் சேர்க்க வேண்டும். மொத்தமாக வண்டி எடுக்கும் பெரிய ஓனர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். கோளாறு எண்கள், ரீசெட் செய்யும் வசதி, ஓட்டக் கணக்கு மூன்றும் எங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கலாம். நூறு வண்டிக்கு ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் விற்கிறவர் யோசிப்பார். ஒற்றை லாரிக்காரர் சார்பில் அதைக் கேட்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. அடுத்த செட்டு வண்டிக்குக் கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள்.