மாங்கொட்டைக்குள் இருப்பது யார்?

மாம்பழக் காலம் முடிந்து முதல் மழை விழுந்ததும் எங்கள் வீட்டுக் குப்பைமேட்டில் செம்பு நிறத் தளிர்கள் தலைநீட்டும். சில கொட்டைகளில் ஒற்றைத் தண்டு. சிலவற்றில் மூன்று, நான்கு தண்டுகள் கொத்தாக. ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிவதுதான் வழக்கம். கிள்ளும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

ஒற்றைத் தண்டு விடும் பங்கனப்பள்ளி, நீலம், அல்போன்சா எல்லாம் ஒற்றைக் கரு இனங்கள். அந்தக் கருவின் தாய் தெரியும், தகப்பன் எந்த மரமோ, மகரந்தத்தைச் சுமந்துவந்த ஈக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் அல்போன்சா கொட்டையை ஊன்றி அல்போன்சாவை எதிர்பார்க்க முடியாது. வேறேதோ வரும். சில சமயம் அருமையாகவும் வரும். 1889-இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு ஒட்டு மாங்கன்றுகள் போயின. அவற்றில் ஓர் இனத்துக்கு நம் மல்கோவாவின் பெயரே அங்கே ‘மல்கோபா’ ஆனது. அதன் விதைகளை 1902-இல் ஜான் ஹேடன் என்பவர் ஊன்றினார். பழத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மனைவி புளோரன்ஸ்தான் கன்றுகளைக் காப்பாற்றினார். 1910-இல் அதில் ஒன்று காய்த்தது. செக்கச்சிவந்த அந்த ‘ஹேடன்’ பழத்தின் தகப்பன், நார் மண்டிய ‘டர்பன்டைன்’ என்ற நாட்டுமாமரம் என்று பிற்பாடு மரபணு ஆய்வு காட்டியது.

கொத்தாக முளைப்பவற்றின் கதை வேறு. வெள்ளைக்கொளம்பான், ஒளூர், சந்திரக்காரன் போன்றவை பல கரு இனங்கள். சூலுக்குள் இருக்கும் நியூசெல்லஸ் என்ற தாய்த்திசுவே, மகரந்தத்தின் பங்கில்லாமல் கருக்களாக மாறிவிடுகிறது. அந்தக் கன்றுகள் தாயின் அச்சு. ஒட்டுக் கட்டுகிறவர்கள் இவற்றை வேர்ச்செடியாக விரும்புவது இதற்காகத்தான்: நூறு கன்றும் ஒரே சீராக வளரும்.

ஊன்றுவதில் ஒன்றைத்தான் மறக்கக் கூடாது. மாங்கொட்டை நெல் அல்ல. காயவைத்துச் சேமித்தால் கரு செத்துப்போகும். நிழலில் ஈரத்தோடு வைத்தாலும் ஏறக்குறைய ஒரு மாதம்தான் தாங்கும். பழம் தின்ற கையோடு கழுவி, ஓட்டின் விளிம்பைப் பிளந்து, பருப்பை மட்டும் எடுத்து ஊன்றுங்கள். ஓடோடு புதைத்தால் முளைக்கத் தாமதமாகும், வேரும் சுருண்டுகொள்ளும். பருப்பு இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும்.

கொத்தாக வந்தால் வேர் அறாமல் பிரித்துத் தனித்தனிப் பையில் வையுங்கள். மகரந்தத்தால் உண்டான கருவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று இருக்கலாம். நெருக்கடியில் பல நேரம் அதுதான் நோஞ்சானாக நிற்கும். நான் அந்த நோஞ்சானுக்குத்தான் முதல் பையை எடுப்பேன்.