வரலாற்றுப் புனைகதை: அடிமைமுறையும் தடுக்கப்பட்ட காதலும்

மாணவர்களே, அடிமைக் காலத்துக் காதல் கதையொன்றைப் பற்றி எழுதும்போது "பரிதாபமானது" என்று முடித்துவிடாதீர்கள். அக்காதலைத் தடுத்தது எது என்று கேளுங்கள்.

நமது மட்டக்களப்புக் கோட்டையை 1638 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1658 இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். சோழமண்டலக் கரையில் பஞ்சத்தில் வாடிய மக்களை விலைக்கு வாங்கி இலங்கைக்குக் கப்பலேற்றினர். யாழ்ப்பாணத்திலோ உள்ளூர் அடிமைமுறையும் இருந்தது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அதற்கான விதிகள் உள்ளன. இரு வேறு எசமானர்களின் அடிமைகள் மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் தாயின் எசமானுக்கே உரியவர்கள்.

இவ்விதியை வைத்து ஒரு கதையைக் கற்பனை செய்யுங்கள். இருவர் விரும்புகின்றனர். மணந்தாலும், பெற்ற பிள்ளை அவர்களுக்குச் சொந்தமில்லை, நாளை விற்கப்படலாம். தாயாகப்போகும் பெண்ணின் அந்த அச்சமே கதையின் முடிச்சு. பாத்திரங்கள் கற்பனை, விதி வரலாறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே சிறந்த விடை.

நினைவிற் கொள்க: பிரித்தானியப் பேரரசின் 1833 ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்திலிருந்து இலங்கை விலக்கப்பட்டிருந்தது. இங்கு அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 இலாகும். கதை நிகழும் ஆண்டை முதலிற் பாருங்கள்.