வழிகாட்டிகள் விலகும்போது

ஒரு பாடசாலை அணி பல ஆண்டுகள் தொடர்ந்து வெற்றி பெறுகின்றது. பின்னர், யாதொரு காரணமும் புலப்படாமல், மெல்ல மெல்லச் சரிகின்றது. மாணவரின் அறிவு குன்றவில்லை, பணம் குறையவில்லை, கருவிகளும் முன்போலவே இருக்கின்றன. அங்ஙனமாயின் குறைந்தது யாது? ஐக்கிய அமெரிக்காவில் வேரூன்றிய ரோபோப் போட்டியொன்றை எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989ஆம் ஆண்டில் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் நிறுவனத்தைத் தொடக்கினார். மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். முதற்போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்தது. ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் புதியதொரு விளையாட்டின் விதிகள் அறிவிக்கப்படும். 100 இறாத்தலுக்கு மேல் எடையுள்ள ரோபோவைச் சில வாரங்களுக்குள் மாணவர் அமைத்தல் வேண்டும். அரங்கில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். இம்மாணவருக்குத் துணையாகப் பொறியியலாளர், ஆசிரியர், பெற்றார் ஆகியோர் மாலைவேளைகளில் ஊதியமின்றி வந்து உழைக்கின்றனர். இவர்களே வழிகாட்டிகள்.

இனி ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைக் கல்வி நான்கு ஆண்டுகளைக் கொண்டது. எனவே ஆண்டுதோறும் மூத்த மாணவர் வெளியேற, புதியவர் உள்ளே வருவர். மாணவரை மட்டும் நம்பினால் அணியின் நினைவு நான்காண்டுகளுக்கு மேல் நில்லாது. அதற்கு அப்பாலும் அந்நினைவைச் சுமப்பவர் வழிகாட்டியே. அவரோ என்றும் இருப்பவரல்லர். தம் பிள்ளை படிப்பை முடித்ததும் சிலர் விலகுவர். வேலை மாறி வேற்றூர் செல்வோரும், முதுமையாலோ களைப்பாலோ ஓய்பவரும் உளர்.

அவருடன் மூன்று செல்வங்கள் வெளியேறுகின்றன. முதலாவது, எதைச் செய்யாது விடவேண்டும் என்னும் தெளிவு. விதிகளைக் கண்ட மாணவர் எல்லாவற்றையும் செய்யவல்ல ரோபோவைக் கனவு காண்பர். “ஒன்றைச் செய்வோம், அதைப் பழுதறச் செய்வோம்” என்று கூறத் தோல்விகளைக் கண்டவர் ஒருவர் வேண்டும். இரண்டாவது, கைப்பழக்கம். பற்றரி முனையிலுள்ள திருகாணி சற்றே தளர்ந்திருப்பின், மோதலின் அதிர்ச்சியில் மின்சாரம் ஒருகணம் அறும். ரோபோவின் கணினி மீண்டும் உயிர்பெறுமுன் ஆட்டத்தின் கணிசமான நேரம் கழிந்துவிடும். ஒவ்வோர் இணைப்பையும் இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை அனுபவசாலியின் விரல்கள் அறியும். மூன்றாவது, உறவுகள். உலோகத்தை வெட்டித்தரும் பட்டறையாளர், உதவித்தொகை வழங்கும் வர்த்தகர், பாடசாலை அதிபர் ஆகியோரின் நம்பிக்கை பெரும்பாலும் ஒரு மனிதரைச் சார்ந்தே வளர்கின்றது.

இவற்றையெல்லாம் எழுதிவைத்தாற் போதாதா எனச் சிலர் வினவலாம். ஹாரி கொலின்ஸ் என்னும் சமூகவியலாளர், பிரித்தானிய ஆய்வுகூடங்களில் ஒருவகை லேசர்க் கருவி அமைக்கப்பட்டமை பற்றி 1974இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அச்சிட்ட கட்டுரைகளை மாத்திரம் துணைக்கொண்டு அக்கருவியை இயக்கியவர் எவருமிலர். முன்னரே செய்து முடித்தவருடன் தொடர்புகொண்டவரே வெற்றி கண்டனர் என்பது அவர் கண்ட உண்மை. தேர்ந்த விஞ்ஞானிகளின் நிலையே இதுவாயின், பதினைந்து வயதுப் பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விழப்பு உடனே தெரிவதில்லை என்பதே இதிலுள்ள பேராபத்து. வழிகாட்டி சென்ற மறு ஆண்டில், அவரிடம் பயின்ற மூத்த மாணவர் இன்னும் இருப்பர், அணி வெல்லவுங்கூடும். “அவரின்றியும் இயலும்” என எல்லாரும் அமைதியுறுவர். மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் அவரைக் கண்டறியாத தலைமுறை பொறுப்பேற்கும்போதே விரிசல் வெளிப்படும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் போட்டிகள் இடைநின்றமை இதனை நன்கு உணர்த்தியது. 2022இல் அரங்குகள் மீண்டும் திறந்தபோது, 2019இன் முழுப் போட்டிக்காலத்தைக் கண்டிருந்தவர் இறுதி வகுப்பு மாணவர் மாத்திரமே. வழிகாட்டியையும் இழந்திருந்த அணிக்குக் கற்பிப்பார் யார்?

பரிகாரம் இல்லாமலில்லை. விலகுபவரும் அவரிடத்துக்கு வருபவரும் ஓராண்டேனும் ஒன்றாகப் பணிபுரிதல் நன்று. எந்த வேலையையும் ஒருவர் மாத்திரம் அறிந்திருக்க விடலாகாது. முடிவுகளை மட்டுமன்றி, அவற்றின் காரணங்களையும் குறித்துவைத்தல் வேண்டும். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்க வேண்டும்; கற்பிக்கும்போதே தமக்குத் தெரியாதது எதுவென்பது அவர்களுக்குப் புலப்படும். அயல் அணியிடம் உதவி கேட்பதும் இழுக்கன்று. எதிரணிக்கும் உதவும் பண்பையே ஃபிளவர்ஸ் இப்போட்டியின் உயிராகப் போற்றினார். அவர் 2019இல் மறைந்தார். எனினும், சிறந்த வழிகாட்டிகளுக்கு அவர் பெயரால் வழங்கப்படும் விருது அவரை நினைவூட்டுகின்றது.

வழிகாட்டிகளும் ஒன்றை எண்ணிப்பார்த்தல் நலம். நேரம் போதவில்லையென்று மாணவர் கையிலிருந்து கருவியை வாங்கித் தாமே முடித்துவிடும் மாலைப்பொழுதில், ரோபோ ஒருவேளை வெல்லலாம். ஆனால் மாணவர் கற்றிருக்கவேண்டிய ஒன்று அன்று கல்லாமற் போகின்றது. கிண்ணங்களை எண்ணி ஓர் ஆசானை அளவிடுதல் பொருந்தாது. அவர் சென்று நான்காண்டுகளின்பின், அவர் முகத்தையே அறியாத ஒரு மாணவி பற்றரி முனையைத் தானாகவே இழுத்துப் பார்க்கின்றாளா? ஆமெனில், அவர் அப்பட்டறையை விட்டு முற்றாக விலகவில்லை எனலாம்.